கண்ணாடியில் தெரிந்த முகம் பொய்யல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான ‘பிளடி மேரி’ விளையாட்டு பற்றிய கட்டுரையைப் படித்தேன். நள்ளிரவில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒற்றை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்தபடி மேரியின் பெயரை மூன்று முறையோ பதின்மூன்று முறையோ சொன்னால், ரத்தம் வழியும் பெண்ணுருவம் ஒன்று கண்ணாடிக்குள் தோன்றும் என்று அமெரிக்கச் சிறுமிகள் நம்பி விளையாடும் அந்தச் சடங்கைக் கட்டுரையாளர் சுவைபட எழுதியிருந்தார். ஆனால், உருவத்தைக் கண்டதாகச் சொல்லும் பிள்ளைகளையெல்லாம் பயந்த சுபாவக்காரர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டதை, கண் மருத்துவமனை ஒன்றில் இருபது ஆண்டுகளாகப் பார்வைப் பரிசோதகராக வேலை பார்க்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தாலியின் உர்பினோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜொவான்னி கபுட்டோ, ஐம்பது பேரைத் தனித்தனியே மங்கலான அறையில் கண்ணாடி முன் உட்காரவைத்து, 25 வாட் பல்பு ஒன்றை அவர்கள் முதுகுக்குப் பின்னால் எரியவிட்டு, பத்து நிமிடம் தங்கள் முகத்தையே பார்க்கச் சொன்னார். முடிவுகளை 2010இல் வெளியிட்டார். யாரும் எந்தப் பேயையும் அழைக்கவில்லை. ஆனாலும் 66 விழுக்காட்டினர் தங்கள் முகம் பெரிதும் உருக்குலைந்ததாகவும், 28 விழுக்காட்டினர் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்ததாகவும், 48 விழுக்காட்டினர் விநோதமான, கோரமான உருவங்களைக் கண்டதாகவும் எழுதிக்கொடுத்தார்கள். (ஒருவரே பலவற்றைக் கண்டிருக்கலாம் என்பதால் கூட்டினால் நூறு வராது.)

இதில் கண்ணின் பங்கு பெரிது. மங்கிய வெளிச்சத்தில் நமக்குக் கைகொடுப்பவை குச்சி செல்கள். விழித்திரையில் நாம் உற்றுப் பார்க்கும் பொருள் விழும் நட்டநடுப் புள்ளியிலோ அவை கிடையாது. அங்கிருப்பவை நல்ல வெளிச்சம் கேட்கும் கூம்பு செல்கள். பார்வையை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தினால் சுற்றியுள்ளவை மெல்ல மறையும் என்பதையும் சுவிஸ் மருத்துவர் டிராக்ஸ்லர் 1804ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். இப்படி அரைகுறையாக வந்துசேரும் முகத்தை மூளை தன் கையிருப்பிலிருந்து நிரப்பிக்கொள்கிறது.

இன்னொன்று. 1553 முதல் 1558 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் மேரி அரசிதான் இந்த மேரி என்று கட்டுரை உறுதியாகச் சொல்கிறது. அவர் காலத்தில் ஏறத்தாழ 280 புராட்டஸ்டன்டுகள் எரிக்கப்பட்டதும் அதனால் அவருக்கு ‘பிளடி மேரி’ என்ற பட்டப்பெயர் வந்ததும் உண்மையே. விளையாட்டின் மேரி அவர்தான் என்பதற்கோ பெயர்ப் பொருத்தத்துக்கு மேல் சான்றில்லை. நாட்டார் வழக்காற்றியலாளர் ஜேனட் லாங்லாய்ஸ் 1978இல் வெளியிட்ட ஆய்வில், இண்டியானாபொலிஸ் பிள்ளைகள் அழைத்த மேரிக்கு ‘மேரி வேல்ஸ்’ என்று பெயர். சாலையோரத்தில் நின்று காரில் ஏறிக்கொள்ளும் ஆவி அவள். அதற்கும் முன்னால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான ஹாலோவீன் வாழ்த்து அட்டைகளில், நள்ளிரவில் மெழுகுவர்த்தியும் கண்ணாடியுமாக நிற்கும் இளம்பெண்கள் எதிர்பார்த்தது பேயை அல்ல, வருங்காலக் கணவனின் முகத்தை.

கட்டுரையைப் படித்த எட்டாம் வகுப்பு மகள், “அப்போ உனக்கும் தெரியுமாம்மா?” என்று கேட்டதால், சென்ற ஞாயிறு இரவு பீரோ கண்ணாடி முன் நானே உட்கார்ந்தேன். குண்டு பல்பு கிடைக்கவில்லை. செல்போன் டார்ச்சை ஒரு துண்டால் மூடி முதுகுக்குப் பின்னே தரையில் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும், இடக்கண் குழிக்குள் இறங்கியது; பிறகு கன்னம் ஒட்டி, தாடை நீண்டு, ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமான என் அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். பெற்றோரின் முகத்தைக் கண்டவர்கள் கபுட்டோவின் சோதனையிலும் 18 விழுக்காடு என்பது நினைவில் இருந்தும், பத்து நிமிடம் முடியும் வரை என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து விளக்கைப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோயம்புத்தூர்.