செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தோட்டத்து உறவுகளே, வணக்கம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பொங்கல் விழா, பரிசளிப்பு இரண்டும் வழக்கம்போல் நடந்தன. நடுவில் மழை வந்ததும் வழக்கம்போல்தான்.

சுற்றுலாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பள்ளி விடுமுறையில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பஸ் எடுத்துக் கோலாலம்பூர் போனோம். தாப்பாவில் பசியாறவே ஒரு மணி நேரம் போய்விட்டது. இரட்டைக் கோபுரத்தை ஒட்டிய கேஎல்சிசி பூங்காவில் இறங்கியதும் பிள்ளைகள் தண்ணீர்க் குளத்துக்கு ஓட, பாதிப் பேர் சூரியா பேரங்காடிக்குள் புகுந்துவிட்டார்கள். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். இளவயதில் அங்கே சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிக்கும் ஆளாக, வேலை பார்த்தவர் அவர்.

1896-இல் தொடங்கிய சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கிளப்பின் திடல் ஜாலான் அம்பாங்கில் அதே இடத்தில்தான் இருந்தது. 1993-இல் கிளப் சுங்கை பீசிப் பக்கம் போனது. ஏறக்குறைய 100 ஏக்கரில் 452 மீட்டர் இரட்டைக் கோபுரமும் கடைகளும் ஹோட்டல்களும் எழுந்தன. ஆனாலும் 50 ஏக்கரைப் பூங்காவாக விட்டார்கள். பிரேசில்காரர் ரொபர்ட்டோ பர்லே மார்க்ஸ் வடிவமைத்த பூங்கா அது. பந்தயத் திடலின் பழைய மரங்கள் சிலவற்றையும் காப்பாற்றியிருக்கிறார்கள். ஐயா ஒரு மரத்தைத் தடவிப் பார்த்தார். "குதிரைக்கு லாயம், எங்களுக்கு லயத்து வீடு, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. இப்ப எந்தத் திசைன்னே தெரியல தம்பி" என்றார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் இதே பேச்சு. சிங்கப்பூர் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5-இல் கடைசிப் பந்தயம். 1864-இல் தொடங்கிய பினாங்கு கிளப்பில் 2025 மே 31-உடன் முடிந்தது. பந்தயம் நின்றதற்காக யாரும் அழவில்லை; சம்பளத்தை அங்கே விட்ட குடும்பங்கள் நம்மிலும் உண்டு. அந்த நிலங்களில் பூங்கா வருமா, வெறும் கட்டடம்தானா என்றுதான் பேசிக்கொண்டோம்.

அப்புறம் பேச்சு நம் திடலுக்கு வந்தது. தோட்டத்தை வாங்கிய மேம்பாட்டாளரின் வரைபடத்தில் புதிய தாமானும் (குடியிருப்புப் பகுதி) உல்லாச மையமும் இருக்கின்றன. நாம் பந்தாடிய திடல் கார் நிறுத்துமிடம். திடலையும் அதன் ஓரத்துத் தூங்குமூஞ்சி மரங்களையும் விட்டுவைக்க வேண்டும், லயங்கள் இருந்த இடத்தில் ஒரு பலகையாவது வைக்க வேண்டும் என்று செயலவை கடிதம் எழுதியது. "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி பதில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்கு அந்த ஒரு வரியும் இல்லை.

மூன்றாவது கடிதத்தை எல்லாரும் கையொப்பமிட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவு. ஐயாதான் முதல் ஆளாகப் போட்டிருக்கிறார். தாள் பின் மேசையில், தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

நன்றி.
செயலாளர்