‘சேலம் மக்களின் தீர்ப்பு’ என்று போடாதீர்கள்

சேலம் மாவட்டத்தில் யூடியூப், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் வழியாக உள்ளூர்ச் செய்தி நடத்தும் ஆசிரியர்களுக்கும் நிருபர்களுக்கும், வணக்கம்.

அம்மாபேட்டையில் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் ஏற்காடு மலைப்பாதையில் பாறை உருண்டாலும் முதலில் உங்களிடம்தான் செய்தி வருகிறது. ஊர் உங்களை நம்புகிறது, நானும் நம்புகிறேன். அதனால்தான் இந்த மடல். தேர்தல் வந்தால் ‘உங்கள் ஓட்டு யாருக்கு?’ என்று ஒரு லிங்க் போடுகிறீர்கள். சரி, போடுங்கள். ஆனால் மறுநாள் அதில் வந்த சதவீதத்தை எடுத்து, ‘சேலம் மக்களின் தீர்ப்பு’ என்று கொட்டை எழுத்தில் ஒரு படக் கார்டாகப் போடுகிறீர்களே, அதை நிறுத்துங்கள்.

அந்த லிங்க் எங்கெல்லாம் போகிறது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு ராத்திரி இப்படி வந்தது: “நம்ம அண்ணன் பின்னாடி இருக்கார், வீட்டுல இருக்கிற எல்லா போன்லயும் குத்துங்க.” அதற்குக் கீழேயே ஒரு தம்பி வழியும் சொல்லியிருந்தார்: பிரவுசரில் குக்கீயை (ஏற்கெனவே போட்டதை நினைவில் வைக்கும் சின்னப் பதிவை) அழித்துவிட்டால் அதே போனில் மறுபடியும் போடலாமாம். விடிவதற்குள் இரண்டாம் இடத்தில் இருந்தவர் முதலிடத்துக்கு வந்துவிட்டார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பையன்கள், பக்கத்து மாவட்டத்துக் கட்சிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து குத்திய கணக்கு அது. நீங்கள் அதற்கு எங்கள் ஊர்ப் பெயரை வைத்தீர்கள்.

“ஆயிரக்கணக்கில் பதில் வந்திருக்கிறதே” என்பீர்கள். 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று கேட்ட ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகைக்கு ஆயிரக்கணக்கில் இல்லை, இருபது லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத ஓட்டு வாங்கினார். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். அந்தப் பத்திரிகை டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களைப் பார்த்துத்தான் பெரும்பாலும் மாதிரி ஓட்டுச் சீட்டு அனுப்பியிருந்தது. திருப்பி அனுப்பியவர்களும் அவர்களிலேயே ஆர்வம் மிகுந்தவர்கள்தான். அதைவிட மிகக் குறைவான பேரிடம், எல்லாத் தரப்பும் வருகிற மாதிரி கேட்ட ஜார்ஜ் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர், ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்னார். நம் ஊர் மாம்பழ மண்டியில் கூடையின் மேல்தட்டை மட்டும் பார்த்து யாரும் விலை பேசுவதில்லை, அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் லிங்க் மேல்தட்டோடு நின்றுவிடுகிறது.

அடியில் இருப்பவர்கள் யார் என்று கேட்டால், நான் முதலில் ஏற்காட்டைச் சொல்வேன். மாவட்டத்தின் 11 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது அது ஒன்றுதான். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள், காப்பித் தோட்டக் கூலிகள், கீழே வாழப்பாடிப் பக்கத்து விவசாயிகள் எல்லாரும் அங்கே ஓட்டர்கள். ஆசிரியராக இருந்த காலத்தில் தேர்தல் பணிக்கு மலைக்குப் போயிருக்கிறேன். காலையிலேயே தோட்டத்துப் பெண்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். அவர்களில் ஒருவர்கூட உங்கள் லிங்கைத் தொட்டிருக்க மாட்டார். அப்படியே கையில் போன் இருந்தாலும், யாருக்குப் போடுகிறோம் என்பதை வெளியில் சொல்லும் பழக்கம் அவர்களிடம் இல்லை.

பூத்தில் நடப்பதையும் சொல்கிறேன். நிஜ ஓட்டுப்பதிவு தொடங்கும் முன் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் எதிரில் மாதிரி வாக்குப்பதிவு நடத்துவோம். குறைந்தது 50 ஓட்டு போட்டு, எண்ணி, கணக்கு சரியாக இருக்கிறதா என்று காட்டி, எல்லாவற்றையும் அழித்து, கையெழுத்து வாங்கி, சீல் வைப்போம். ஒத்திகைக்கே அவ்வளவு. உங்கள் கணக்கை யார் சரிபார்த்தார்கள்?

இதனால் அடி வாங்குவது பெரிய கட்சிகள் இல்லை. 2022இல் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்ததே, அந்த மாதிரித் தேர்தலில் ஒரு வார்டின் முடிவு சில நூறு ஓட்டில் மாறிவிடும். கையில் காசில்லாமல், தெருத்தெருவாக நடந்து ஓட்டுக் கேட்கும் சுயேச்சைப் பெண்ணுக்கு உங்கள் கார்டு ‘2 சதவீதம்’ என்று போட்டால், அவருக்குப் போட நினைத்தவர் “ஓட்டு வீணாகுமோ” என்று தயங்குகிறார். அந்தப் பெண் வீடு வீடாக வாசலில் நின்று பேசிச் சேர்த்த நம்பிக்கையை, ஒரு ராத்திரியில் போன்கள் கலைத்துவிடுகின்றன. எனக்கு இதுதான் தாங்க முடியவில்லை.

கணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்தலுக்கு முந்தைய கணிப்பை வெளியிடும் பத்திரிகைகள் யார் நடத்தியது, யார் நடத்தச் சொன்னது, எத்தனை பேரிடம், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எவ்வளவு தவறு இருக்கலாம் என்பதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறை கேட்கிறது. உங்கள் கார்டிலும் அதை எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால், ‘எங்கள் லிங்கைத் தொட்டவர்கள் சொன்னது’ என்று மட்டும் தலைப்பு வையுங்கள். ஓட்டுப்பதிவு அன்று ‘யாருக்குப் போட்டீர்கள்?’ என்று கேட்டு முடிவு போடும் விளையாட்டு அறவே கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவின்படி அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நாம் ஏப்ரல் 19 அன்றே ஓட்டுப் போட்டு முடித்தாலும், கடைசிக் கட்டம் முடிந்த ஜூன் 1 மாலை வரை அந்தத் தடை இருந்தது.

அப்புறம், யார் ஜெயிப்பார் என்பதைவிட நல்ல கேள்விகள் உங்கள் கையில் இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறவரிடம், குகையில் தறி ஓட்டுகிறவரிடம், மலையில் காப்பிப்பழம் பறிக்கிறவரிடம், “அடுத்து வருகிறவர் முதலில் எதைச் செய்யணும்?” என்று கேட்டுப் போடுங்கள். பெயரும் கட்சியும் வேண்டாம். அந்தப் பதில்களை அப்படியே வேட்பாளர்கள் முன் வைத்துப் பதில் வாங்குங்கள். அதற்காக நீங்கள் ஏற்காட்டுப் பக்கம் வருவதாக இருந்தால் சொல்லுங்கள். எனக்குப் பழக்கமான கிராமங்களுக்கு நானே கூட வருகிறேன்.

இப்படிக்கு,
தேர்தல் பணி பார்த்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்