கென்ட் ஸ்டேட்டை விட்டுவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. காலேஜ் ஃபுட்பால் 25 என்ற அமெரிக்க ஃபுட்பால் வீடியோ கேமில் முதல் சீசனில் இரண்டே வெற்றி, கூப்பிட்ட பையன்கள் எல்லாரும் வேறு காலேஜுக்குப் போய்விட்டார்கள், ஒரு காலேஜ் அணியைப் பல சீசனுக்கு நடத்துகிற அந்த டைனஸ்டி ஆட்டத்தை அழித்துவிட்டு, பெரிய அணியான ஒஹையோ ஸ்டேட்டை எடுக்கப் போகிறேன் என்றாய். அழிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

நீ படிக்கிற காலேஜ் என்பதால்தான் கென்ட் ஸ்டேட்டை எடுத்தாய். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நிஜத்திலேயே அந்த அணி 2024-இல் ஆடிய 12 மேட்சிலும் தோற்றது. காலேஜ் ஃபுட்பால் 25 கேமிலும் அதற்குக் கடைசி வரிசைதான். அந்த நிலையில் இருக்கும் அணிக்கு ஃபைவ் ஸ்டார் பையன், அதாவது உச்சத் திறமை உள்ள பள்ளி வீரன், எதற்காக வரப்போகிறான்?

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ சேர்க்கப் பார்க்கிற பையன்களின் பட்டியலான போர்டில் 35 பெயர், பாதிக்கு மேல் நாலு ஸ்டார், அஞ்சு ஸ்டார். பையன்களைப் பிடிக்க கேம் தருகிற நேரத்தை ஒவ்வொருவனுக்கும் வாரம் பத்து பத்து மணி நேரமாகத் தூவியிருக்கிறாய். தப்பு அங்கேதான். சின்ன காலேஜுக்கு வாரத்துக்குக் கிடைக்கிற மணி நேரமே குறைவு. ஸ்காலர்ஷிப் கொடுக்க 5 போகும். நேரடியாக மெசேஜ் அனுப்ப 10, குடும்பத்தாரையும் நண்பர்களையும் பிடிக்க 25. இருக்கிற வழி எல்லாவற்றையும் ஒருவன் மேலேயே இறக்கினால் 50. நீ பத்து கொடுக்கிற பையனுக்குப் பெரிய காலேஜ் ஐம்பது கொடுக்கிறது. நானும் முதல் வருஷம் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஒரு குவாட்டர்பேக் பின்னாலேயே அலைந்தேன். பன்னிரண்டாவது வாரம் அவன் வேறு இடம் போனான், அவனுக்குச் செலவழித்த நேரத்தில் முன்வரிசையில் மோதித் தடுக்கும் மூன்று லைன்மேன்களைப் பிடித்திருக்கலாம்.

கென்ட் ஸ்டேட் இருக்கிற ஒஹையோவிலேயே உள்ள மூன்று ஸ்டார் பையன்களைத் தேடு. ஒருவனை ஸ்கவுட் செய்து திறமையை ஆராயும்போது பச்சை வைரம் தெரிந்தால், அவன் ஸ்டாருக்கு மீறிய திறமை உள்ளவன், விடாதே. சிவப்பு அடையாளம் வந்தால் அன்றைக்கே போர்டிலிருந்து எடுத்துவிடு. அப்புறம் அவனுக்கு எது முக்கியம் என்று பார். வீட்டுக்குப் பக்கம், சீக்கிரம் களத்தில் இறங்கும் வாய்ப்பு, இந்த இரண்டையும் கேட்கிற பையனிடம் கென்ட் ஸ்டேட் தைரியமாகப் பேசலாம். சாம்பியன்ஷிப் கேட்கிறவனிடம் பேச நம்மிடம் ஒன்றும் இல்லை. விசிட்டுக்கு, நீ ஜெயிக்கக்கூடிய வீட்டு மேட்ச் வாரமாகப் பார்த்துக் கூப்பிடு. குவாட்டர்பேக்கையும், அவன் எறிவதைப் பிடிக்கும் ரிசீவரையும் சேர்த்துக் கூப்பிடலாம், இரண்டு குவாட்டர்பேக்கை ஒரே வாரத்தில் கூப்பிடாதே.

சீசன் முடிந்ததும் 85 பேருக்கு மேல் இருந்தால் ஆட்களை வெட்டச் சொல்லும். இது எனக்கு இன்னும் கஷ்டமான வேலை. போன மாசம் 88 பேர் இருந்தார்கள். பட்டியலின் அடியில் 72-ஆம் நம்பர் டேக்கிள் (லைன்மேன்களில் ஒருவன்), ரேட்டிங் 64. ரெட்ஷர்ட் போட்டு, அதாவது ஆடும் வருஷக் கணக்கில் சேராதபடி, உட்கார வைத்திருந்தேன், ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. பட்டன் மேல் விரலை வைத்துவிட்டேன். வளர்ச்சி எப்படி என்று திறந்து பார்த்தால் 'ஸ்டார்' என்றிருந்தது, அதாவது வேகமாக வளர்கிறவன். அவனை விட்டுவிட்டு, நாலாவது வருஷமும் பெஞ்சில் இருந்த மூன்று பேரை அனுப்பினேன். இப்போது இடது பக்கம் முழுக்க அவன்தான் தாங்குகிறான்.

ரேட்டிங்கை மட்டும் பார்த்து ஆளை எடை போடாதே. ஜூலியன் எடெல்மன் உன் காலேஜில் குவாட்டர்பேக். 2009-இல், தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அணிகள் காலேஜ் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ஏழாவது சுற்றில்தான் அவரை எடுத்தார்கள், ரிசீவராக மாற்றினார்கள், பின்னால் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் சிறந்த வீரர் (எம்விபி) ஆனார். ஜேம்ஸ் ஹாரிசனும் கென்ட் ஸ்டேட்தான். டிராஃப்டில் யாருமே எடுக்காத அவர், 2008-இல் என்எஃப்எல்லின் சிறந்த தற்காப்பு வீரர். கேமிலும் பொசிஷன் மாற்றும் வசதி இருக்கிறது, சீசன் முடிந்ததும் ஒருமுறை நிதானமாக உட்கார்ந்து பார்.

இன்னொரு விஷயம். 2013-க்குப் பிறகு இந்த கேம் 11 வருஷம் வரவே இல்லை. வீரர்களின் பெயரையும் முகத்தையும் காசு கொடுக்காமல் பயன்படுத்துவதா என்ற வழக்குதான் பெரிய காரணம். 2024-இல் திரும்பி வந்தபோது சம்மதித்த ஒவ்வொருவருக்கும் 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும் கொடுத்தார்கள். அதனால் உன் முதல் சீசன் பட்டியலில் இருப்பவர்கள் நிஜப் பையன்கள். உன் லைப்ரரி வாசலில் பையை மாட்டிக்கொண்டு உன்னைக் கடந்து போகிறவர்கள். அவர்களை வைத்து இரண்டு மேட்ச் ஜெயித்திருக்கிறாய் என்றால், எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் உன் ரூமுக்கு வருகிறேன். அதற்குள் போர்டை 35-லிருந்து 15-ஆகக் குறைத்து வை. இரண்டு டேக்கிளாவது அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்