வெல்டிங் ஹெல்மெட்டில் பேட்டரி மாற்ற வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருச்சி துவாக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெல்டிங் தெரிந்தவராக இருப்பார், பாய்லர் வேலையை நம்பி வளர்ந்த ஊர் இது. ஆனால் இவ்வளவு வெல்டர்கள் இருக்கிற இடத்திலேயே ஒரு விஷயத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. வெல்டிங் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி தானாகக் கறுக்கும் ஆட்டோ டார்க் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் அந்தச் சின்ன பட்டன் செல்லைத்தான் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பழைய கைத்தடுப்பில் இருப்பது சாதாரணக் கறுப்புக் கண்ணாடி, அதைப் பிடித்துக்கொண்டால் ஆர்க் (வெல்டிங் ராடு நுனியில் வரும் மின்சாரச் சுடர்) எரியும்வரை எதிரே எதுவும் தெரியாது, ராடை எங்கே வைக்கிறோம் என்பதே குத்துமதிப்புதான். ஆட்டோ டார்க் ஹெல்மெட்டில் அப்படி இல்லை. கண்ணாடி லேசான பச்சையாக இருக்கும், ஜாயின்ட் தெளிவாகத் தெரியும், ஆர்க் அடித்த மறு நொடி, இல்லை, நொடிகூட இல்லை, நல்ல ஹெல்மெட் என்றால் நொடியில் 25,000-ல் ஒரு பங்கு நேரத்தில் கறுத்துவிடும். ஷேடு, அதாவது கண்ணாடியின் கறுப்பு அளவு, 3 அல்லது 4-ல் இருந்தது 9 முதல் 13-க்குள் நாம் வைத்த அளவுக்குப் போய்விடும். 1981-ல் சுவீடனில் ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில் முதலில் விற்பனைக்கு வந்தது, இன்று ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கே கிடைக்கிறது. கால்குலேட்டர் திரையில் இருக்கும் அதே லிக்விட் கிரிஸ்டல்தான் உள்ளே இருக்கிறது. முன்பக்கம் இருக்கும் சென்சார் ஆர்க் வெளிச்சத்தைப் பார்த்ததும் அதற்கு மின்சாரம் போகிறது, கண்ணாடி கறுக்கிறது. அந்த மின்சாரத்தைத் தருவது பேட்டரியும் நெற்றிப் பக்கம் பட்டையாக இருக்கும் சோலார் செல்லும்.

பேட்டரி வீக் ஆனால் சட்டென்று தெரியாது, அதுதான் இதில் உள்ள ஆபத்து. ஆர்க் பிடித்துவிட்டால் அந்த வெளிச்சத்திலேயே சோலார் செல் வேலை செய்யும் என்பதால், பல மாடல்களில் பேட்டரி இறங்கிய பிறகும் நீளமான பீடு (தொடர்ச்சியான வெல்டிங் கோடு) போடும்போது கண்ணாடி ஒழுங்காகக் கறுத்தே இருக்கும். அடி வாங்குவது ஆர்க் அடிக்கிற அந்த முதல் கணத்தில்தான். யோசித்துப் பாருங்கள், நாள் முழுக்க டேக் வெல்டிங் (துண்டுகள் நகராமல் இருக்க அங்கங்கே வைக்கும் சின்னப் பொட்டு வெல்டிங்) போடுகிற பையனுக்கு வேலையே முதல் கணம்தானே? கிரில், கேட், டிரஸ் வேலைக்கு ஃபிட்டருக்குத் துணையாக நிற்கிற ஹெல்பர்தான் ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு வெட்டு வெளிச்சம் வாங்குகிறான். அப்புறம், பீடு நடுவிலேயே ஒரு கண் சிமிட்டும் நேரம் கண்ணாடி வெளுத்துத் திரும்பக் கறுப்பது அடுத்த அறிகுறி. அதைப் பார்த்தும் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விடுகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும், பயமுறுத்துவதற்காக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. தரமான ஹெல்மெட்டில் புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும் பூச்சு கண்ணாடியிலேயே இருக்கிறது, அதற்குப் பேட்டரி தேவையில்லை, செல் செத்தாலும் அந்தத் தடுப்பு இருக்கும். கூசுவது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம்தான். ஆனால் நடப்பது என்ன? ரெண்டு தடவை கண் கூசினால் பையன் ஹெல்மெட்டைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, தலையைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு டேக் போட ஆரம்பித்துவிடுகிறான். அங்கேதான் கண் போகிறது. பகலில் ஒன்றும் தெரியாது, ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் கழித்து ராத்திரியில் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி அறுக்கும், தண்ணீராகக் கொட்டும், லைட்டைப் பார்க்க முடியாது. வீட்டில் தாய்ப்பால் விடுவார்கள், உருளைக்கிழங்கை வெட்டி வைப்பார்கள், மெடிக்கலில் மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கி மணிக்கொரு தரம் ஊற்றிக்கொள்வார்கள். அந்தச் சொட்டு மருந்து கருவிழிப் புண்ணை ஆறவிடாது, தயவுசெய்து அதை டாக்டர் இல்லாமல் தொடாதீர்கள்.

இத்தனையும் எதனால்? பெரும்பாலும் சிஆர் 2032 அல்லது சிஆர் 2450 என்ற ஒரு செல்லால். முன்னதன் விலை ஒரு டீ, வடை செலவுக்கு மேல் கொஞ்சம்தான். அந்த நம்பரிலேயே அளவு இருக்கிறது, 20 மில்லிமீட்டர் அகலம் 3.2 மில்லிமீட்டர் தடிமன், சுமார் 24 மில்லிமீட்டர் அகலம் 5 மில்லிமீட்டர் தடிமன், ரெண்டுமே 3 வோல்ட். பேட்டரிக்குத் தனியாக மூடி உள்ள ஹெல்மெட் என்றால் மாற்றுவது ரெண்டு நிமிட வேலை. ரெண்டு செல் இருந்தால் ரெண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்று பழசு ஒன்று புதுசு வைத்தால் பழசு புதுசையும் இழுத்துவிடும். பிளஸ் பக்கம் பார்த்து, கிரீஸ் கையோடு தொடாமல் உள்ளே தள்ள வேண்டும், தகடு கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே போதும். எல்ஐஆர் என்று போட்ட ரீசார்ஜ் செல்லை "சோலார்தானே, சார்ஜ் ஆகிக்கும்" என்று போடாதீர்கள், அது முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரும், சர்க்யூட் அதற்கென்று செய்யப்படவில்லை. மாற்றியதும் ஹெல்மெட்டை வெயில் பக்கம் திருப்பியோ, சிகரெட் லைட்டரைச் சென்சார் முன்னால் தட்டியோ கறுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ராடை எடுக்க வேண்டும். எங்கள் பட்டறையில் தினமும் காலையில் மெஷின் போடுவதற்கு முன் இது கட்டாயம்.

சரி, மூடியே இல்லாத ஹெல்மெட்டை என்ன செய்வது? என் கோபமே இதில்தான். விலை குறைந்த ஹெல்மெட்டுகளில் பலவற்றை "சோலார், பேட்டரி மாற்றவே வேண்டாம்" என்று அட்டையில் போட்டு விற்கிறார்கள். எங்களிடம் செத்துப்போன ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம். கண்ணாடிக் கேசின் ஓரத்தில் ஒட்டியிருந்த கோட்டில் மெல்லிய பிளேடை விட்டு நெம்பியதில், உள்ளே அதே சிஆர் 2032 ரெண்டு, நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் அடித்து, மேலே பசை ஊற்றி உட்கார்ந்திருந்தது. மல்ட்டிமீட்டரில் ரெண்டும் சேர்ந்தே ஒரு செல் அளவுக்கு வரவில்லை. சென்சார் நன்றாக இருந்தது, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, நாப் எல்லாம் சரி. விற்ற டீலரைக் கேட்டால் "புதுசு வாங்கிக்கங்க அண்ணே" என்கிறார். பட்டை வைத்த செல் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கிறது, கைதேர்ந்த ஆள் மாற்றிவிடலாம், ஆனால் எல்லோரும் செய்யக் கூடாத வேலை. சாதா செல்லில் நேராக சால்டரிங் வைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும், நெம்பும்போது கிரிஸ்டல் விரிசல் விட்டால் ஹெல்மெட்டே குப்பைதான். கண்ணைக் காக்கிற கருவியை ஒரு தொழிலாளி பிளேடு வைத்துப் பிளந்துதான் உயிர்ப்பிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஐரோப்பிய யூனியன் 2023-ல் போட்ட பேட்டரிச் சட்டத்தில், சில விலக்குகள் தவிர, கையடக்கப் பேட்டரி உள்ள பொருட்களில் வாங்கியவரே அதைக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும், 2027 பிப்ரவரி 18 முதல் இது கட்டாயம் என்று இருக்கிறது. நம் ஒன்றிய அரசும் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நாலு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். நல்லது, டிராக்டரும் போனும் வேண்டியதுதான். தொழிலாளி தலையில் மாட்டுகிற பாதுகாப்புக் கருவியை ஏன் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை? வெல்டிங் கண் பாதுகாப்புக்கு ஐஎஸ் 1179 என்று ஒரு தரநிலை வைத்திருக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு), ஆட்டோ டார்க் ஹெல்மெட் என்றால் திறக்கக்கூடிய பேட்டரி மூடியும், பேட்டரி இறங்குவதைக் காட்டும் லைட்டும், செல் நம்பரும் வெளியே இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை போடட்டும். ஸ்க்ரூ வைத்த மூடியாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் குழந்தை செல்லை எடுத்து விழுங்கினால், அது கழற்றிப் போட்ட பழைய செல்லாக இருந்தாலும், ரெண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடும். பல பட்டறைகள் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. கழற்றிய செல்லின் ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் டப்பாவில் சேர்த்து வைத்து, இ-வேஸ்ட் எடுப்பவரிடம் கொடுங்கள்.

ஐடிஐ வெல்டர் பிரிவு ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ராடு நம்பரும் ஆம்பியரும் சொல்லிக்கொடுக்கும் முதல் வாரத்திலேயே ஹெல்மெட்டைத் திறந்து செல் மாற்றவும் சொல்லிக்கொடுங்கள். பட்டறை முதலாளிகள் வாங்கும்போதே மூடி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள், இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நாலு கடையில் நாலு பேர் இப்படித் திருப்பிக் கொடுத்தால் டீலர்கள் மூடி வைத்த மாடலை வரவழைப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வெல்டிங் பட்டறைக்காரர்,
துவாக்குடி, திருச்சி.