பில்டை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள தோழர்களுக்கு,

படிப்பகங்களுக்கான நம் இரவல் கணக்கு மென்பொருளின் பில்ட், அதாவது கோடைச் செயலியாகக் கட்டும் வேலை, மீண்டும் சரியாகி, அது ஸ்பிரிங் பூட் 3 என்ற ஜாவா கட்டமைப்பில் நல்லபடியாக ஓடுகிறது. சென்னையில் இதை நம்பிப் புத்தகம் கொடுத்து வாங்கும் படிப்பகங்களின் சார்பிலும் என் சார்பிலும் உங்களுக்கு மனமார்ந்த நன்றி. நீங்கள் செய்த வேலை திரையில் தெரியாத வேலை. அதனால்தான் விவரமாகவே எழுதுகிறேன்.

ஜாவா இஇ (பெரிய ஜாவா செயலிகளுக்கான தரநிலைத் தொகுப்பு) ஆரக்கிள் நிறுவனத்திடமிருந்து எக்ளிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறியபோது, 'ஜாவாஎக்ஸ்' என்ற பெயரைத் தொடர்ந்து பயன்படுத்துவதில் உடன்பாடு ஏற்படவில்லை. ஜாவா இஇ 'ஜகார்த்தா இஇ' ஆனது. 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9-இல், அதுவரை 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய அதன் பேக்கேஜ்கள் (கோடின் தொகுதிகள்) எல்லாம் 'ஜகார்த்தா' என்று பெயர் மாறின. ஸ்பிரிங் பூட் 3 கேட்பது இந்தப் புதுப் பெயர்களைத்தான். நம் கோடில் இருந்ததோ பழைய பெயர்கள், அதனால் நமக்கு வரிசையாகச் சிவப்புப் பிழைகள்.

அம்பத்தூர் அண்ணன் முதலில் சொன்னது, "ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் மட்டும் போட்டுடாதீங்க" என்பது. ஜாவாஎக்ஸ் டாட் எஸ்க்யூஎல், ஜாவாஎக்ஸ் டாட் கிரிப்டோ இரண்டும் ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பான ஜேடிகேயின் சொந்தப் பேக்கேஜ்கள். அவை மாறக் கூடாது. ஜாவா இஇ-யைச் சேர்ந்த பெர்சிஸ்டன்ஸ், சர்வ்லெட், வேலிடேஷன் மாற வேண்டும். வேலை முடிந்து வந்த களைப்போடு ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பிரித்துக் கொடுத்தார். எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

அப்புறம் வேளச்சேரி அக்கா. கம்பைல் ஆகிவிட்டது, ஆனால் செயலி எழும்போதே விழுந்தது. ஜாவாஎக்ஸ் சர்வ்லெட் ஃபில்டர் கிடைக்கவில்லை என்று பிழை. நம் கோடில் அந்தப் பெயரே இல்லை. அக்கா மேவன் என்ற பில்ட் கருவியில் டிபென்டென்சி ட்ரீயை (எந்த நூலகம் எதை நம்பியிருக்கிறது என்ற பட்டியலை) எடுத்து வரி வரியாகப் பார்த்து, ரிப்போர்ட் அச்சிடும் பழைய ஜார் (ஜாவா நூலகக் கோப்பு) ஒன்று உள்ளே பழைய பெயரைத் தேடுவதைக் கண்டுபிடித்தார். அதற்குப் புதிய பதிப்பு கிடையாது. அப்பாச்சி டாம்கேட் குழுவின் மாற்றுக் கருவியில் அந்த ஜாரையே கொடுத்து, பெயர் மாறிய ஜாராக எடுத்துத் தந்தார். இப்படி ஒரு வழி இருப்பதே எங்களில் பலருக்கு அன்றுதான் தெரியும்.

தரமணியில் படிக்கும் தம்பிக்குத் தனி நன்றி. நம் பேக்கேஜ் பெயரும் குரூப் ஐடியும் (வெளியிடும்போது கொடுக்கும் அடையாளப் பெயர்) நமக்குச் சொந்தமில்லாத ஒரு டொமைனைக் காட்டிக்கொண்டிருந்தன. ஜாவா நூலகங்களின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலில் அப்படிப்பட்ட குரூப் ஐடியில் வெளியிட முடியாது. காசு கொடுத்து டொமைன் வாங்கத் தேவையில்லை, கிட்ஹப் கணக்கை வைத்தே ஐஓ டாட் கிட்ஹப் என்று தொடங்கலாம் என்றார். பெயர் மாற்றத்தை மட்டும் தனி கமிட்டாக (ஒரு மாற்றப் பதிவாக) போட்டதால் பழைய வரலாறு தெளிவாகப் படிக்கக் கிடைக்கிறது. எக்ஸ்எம்எல் கோப்புகளுக்குள் வெறும் எழுத்தாக இருந்த கிளாஸ் பெயர்களையும் தேடித் திருத்தினார். கோடு எழுத உதவும் ஐடிஇ-யின் கண்ணில் படாமல் போகும் இடம் அது.

சோதித்துப் பார்த்துச் சொன்ன படிப்பகப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் நன்றி. அச்சுப் பகுதிக்கான டெஸ்ட்டுகள் மட்டும் மீதி. அவற்றை நான் எழுதி அனுப்புகிறேன், அக்கா ஒருமுறை பார்த்துவிட்டால் வெளியிட்டுவிடலாம்.

அன்புடன்,
பராமரிப்பாளர், சென்னை