எஸ்.டபிள்யூ.19

மக்களே,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு முட்டுப்பட்டை அளவு சரியாக இருக்கிறது. பெட்டிமேல் ஒட்டியிருந்த தாளில் உன் பெயர் மட்டும் இருந்தது. முகவரியும் புதிது, கடைசியில் எஸ்.டபிள்யூ.19. அது லண்டனில் விம்பிள்டன் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளைக் கிழியாமல் உரித்து டைரிக்குள் வைத்துவிட்டேன். அம்மா பார்க்கவில்லை.

சரி. விம்பிள்டன் என்றாலே எனக்கு உன் தாத்தா ஞாபகம்தான். டென்னிஸ் ஆட்டக்காரர் ராமநாதன் கிருஷ்ணன் 1937-ல் நம்ம நாகர்கோவிலில் பிறந்தவர் என்று யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்லிவிடுவார். 1954-ல் விம்பிள்டன் போட்டியில் கிருஷ்ணனுக்கு ஜூனியர் பட்டம். 1960-லும் 61-லும் அரையிறுதி. 61-ல் ராய் எமர்சனையே ஜெயித்துவிட்டுத்தான் அங்கே போனார். 62-ல் போட்டி தொடங்கும் முன்பே தரவரிசையில் நாலாவது இடம் கொடுத்திருந்தார்கள், ஆனால் கணுக்கால் பிசகி நடுவிலேயே விலகும்படி ஆயிற்று. "காலு போனா ஆட முடியுமா? விலகினதுல என்ன குறைச்சல்?" என்பார் தாத்தா. நேரத்துக்குச் சாப்பிடுகிறாய்தானே?

அந்தப் போட்டியை நடத்தும் கிளப்பைப் பற்றி இப்போது நிறைய வாசிக்கிறேன். 1868-ல் தொடங்கும்போது அங்கே டென்னிஸே இல்லை. மரச்சுத்தியலால் பந்தைத் தட்டி வளையத்துக்குள் விடும் குரோக்கேதான். டென்னிஸ் வந்தது 1875-ல். 1877-ல் புல்தரையை அமுக்கும் உருளை பழுதாகிவிட்டது, அதைச் சரிசெய்யக் காசு வேண்டும் என்று ஒரு போட்டி வைத்தார்கள். ஆட வந்தவர்கள் 22 பேர். இறுதி ஆட்டத்துக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து சுமார் 200 பேர் பார்த்தார்களாம். பெண்களுக்கு 1884-ல்தான் இடம் கிடைத்தது. முதல் பட்டம் வாங்கிய மாட் வாட்சன் இறுதி ஆட்டத்தில் தோற்கடித்தது சொந்த அக்காவை. அண்ணா ஸ்டேடியத்தில் பையன்களை முந்தி ஓடிய உன்னை அப்போது நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

1922-ல் கிளப் பழைய இடத்தை விட்டு சர்ச் ரோட்டுக்கு மாறியது. ஊரறியத்தான் மாறினார்கள், ராஜாவே வந்திருந்தார். வீடு மாறினால் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்வதில் என்ன கஷ்டம் மக்களே? போகட்டும், விடு. அந்த வருஷம் போட்டி நடந்த எல்லா நாளும் மழை, ஆனாலும் ஆடி முடித்தார்கள்.

1940 அக்டோபரில் அங்கே முக்கிய ஆடுகளமான சென்டர் கோர்ட்டின்மேல் குண்டு விழுந்து 1,200 இருக்கைகள் போயின. போர் முடிகிறவரை அந்த வளாகத்தில் பன்றியும் கோழியும் வளர்த்தார்கள். 1946-ல் மறுபடி போட்டி தொடங்கியபோது இடிந்த பகுதி இன்னும் சரியாகவில்லை. அதைச் சரிசெய்தபிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கவில்லை, எல்லோரும் பார்க்க அப்படியே வைத்துக்கொண்டு நடத்தினார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. நான் இதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

உள்ளேயே மியூசியம் இருக்கிறது. ஒருநாள் போய் கிருஷ்ணன் பெயரைப் பார். பக்கத்தில் கணபதி கோயிலும் இருக்கிறதாம், 1981-ல் வந்தது. அங்கேயும் போய்விட்டு வா. தனியாகப் போனாலும் போ. நேரத்துக்குச் சாப்பிடு.

வடசேரி சந்தையில் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தேன். கன்னிப்பூ அறுப்பு, மழை என்று பேசிக்கொண்டு நின்றோம். அவரும் வேறு ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா முந்திரிக்கொத்து செய்கிறாள், அனுப்பிவிடுவோம். எந்த முகவரிக்கு என்று மட்டும் எழுது. இல்லை, இங்கேயே வந்து சாப்பிட வேண்டும் என்று தோன்றினால் தேதியைச் சொல்லு. டிக்கெட் காசு நான் போட்டுவிடுகிறேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி பிடித்து வந்துவிடுவேன், ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

அப்பா