மேல்மலை விளையாட்டுத் திடல்: திருப்பணி நிறைவு அறிக்கையும் வரவு செலவும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரில் இருந்தாலும் கேட்டபோதெல்லாம் பணம் அனுப்பிய நம் பிள்ளைகளுக்கும் திருப்பணிக் குழு சார்பாக வணக்கம்.

கொடைக்கானல் மேல்மலையில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கான விளையாட்டுத் திடல் வேலை முடிந்துவிட்டது. மாசி மாதத்தில் பூசாரி தேங்காய் உடைத்தார், அங்கன்வாடிக் குழந்தைகள் முதலில் உள்ளே போனார்கள். மதிப்பீடு 4,50,000 ரூபாய், செலவானது 5,89,700 ரூபாய். அதிகமான 1,39,700 எங்கே போனது என்று டீக்கடையிலும் ஜீப் ஸ்டாண்டிலும் பேச்சு ஓடுவது எங்களுக்குத் தெரியும். ஊர்க் கூட்டத்திலும் இரண்டு பேர் நேராகக் கேட்டார்கள், கேட்டது நியாயம்தான். அதனால் மற்றதையெல்லாம் பிறகு வைத்துக்கொண்டு அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் 1,38,000 ரூபாய் தடுப்புச் சுவருக்குப் போனது. மீதி 1,700தான் மற்ற எல்லா வேலையிலும் சேர்த்து ஏறியது.

இடம் உங்களுக்குத் தெரியும். கோயிலுக்குக் கீழே, 2018 கஜா புயலில் தைல மரங்கள் சாய்ந்த பிறகு சும்மா கிடந்த சரிவு. மேல்மலையில் சமதளம் என்று ஒன்று இருந்தால் அதில் பூண்டோ கேரட்டோ உருளையோ போட்டிருப்போம், பிள்ளைகளுக்கு என்று யார் விடுவார்கள். அதனால்தான் அவர்கள் ஜீப் திரும்பும் இடத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சீசனில் டூரிஸ்ட் வண்டி ஒன்று கொண்டை ஊசி வளைவில் பிரேக் போட்ட அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வாரம்தான் இந்தக் குழுவே கூடியது. ஊராட்சியில் தீர்மானம் வாங்கினோம். சரிவை ஒருமுறை கிளறிவிட்டால் மண் நிற்காது என்பதால் ஜேசிபி இறக்க வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தோம்.

சுவர் அறுபது அடி நீளம், ஏழு அடி உயரம், கருங்கல் கட்டு. 2,10,000 ரூபாய்க்கு ஒரு கான்ட்ராக்டரிடம் ஒப்பந்தம் போட்டோம். யார் என்று எழுதவில்லை, எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆவணியில் தொடங்கி ஒன்றரை மாதத்தில் முடிப்பதாகப் பேச்சு. கல் வரவில்லை, ஆள் வரவில்லை, லாரிக்கு இ-பாஸ் பிரச்சினை என்று நாட்கள் ஓடின. மலைக்கு வரும் வண்டிகளுக்கான அனுமதிச் சீட்டான இந்த இ-பாஸ் 2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது, ஒப்பந்தம் போடும்போது தெரியாத விஷயமா அது? எப்படியோ புரட்டாசிக் கடைசியில் சுவர் எழும்பியது. பார்க்க நன்றாகவே இருந்தது, படம் எடுத்து குரூப்பில் போட்டதும் நான்தான்.

ஐப்பசி மழை ஆறு நாள் விடாமல் பெய்தது. ஏழாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் சுவரின் நடுப்பகுதி கர்ப்பிணி வயிறு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. நூல் பிடித்துப் பார்த்தோம், நாலு அங்குலம். கொத்தனார் வேலை தெரிந்த நம் ஊர்ப் பெரியவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தண்ணி போக ஓட்டை எங்கேப்பா?" என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை. ஒப்பந்தத்தில் ஐந்தடிக்கு ஒரு குழாய் வைக்க வேண்டும், சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு உடைகல் நிரப்ப வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கான்ட்ராக்டர் வெட்டிய களிமண்ணையே பின்னால் தள்ளி மூடிவிட்டார். களிமண் தண்ணீரைக் குடித்து ஊதும், குடித்த தண்ணீர் வெளியே போக வழி இல்லை என்றால் சுவரைத்தான் தள்ளும். மலையில் வீடு கட்டிய எல்லோருக்கும் இது தெரியும்.

கூப்பிட்டுக் கேட்டால், மழை அதிகம், அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றார். நடுவில் இரண்டு தாங்கு கல் கொடுத்து, மேலே சிமென்ட் பூசினால் போதும், இருபதாயிரத்தில் முடியும் என்றார். குழுவில் ஏழு பேரில் மூன்று பேர் அதற்குச் சம்மதம். அவர்களை நான் குறை சொல்லவில்லை, கையில் பணம் இல்லாதபோது அது நல்ல யோசனையாகத்தான் தெரியும். நான்கு பேர் முடியாது என்றோம். அந்தச் சுவருக்குக் கீழே நிற்கப்போவது மூன்று வயதும் நாலு வயதும். பூசி மறைத்த சுவர் அடுத்த ஐப்பசி வரை நிற்கலாம், நிற்காமலும் போகலாம். இன்றைக்குக் கேட்டாலும் என் பதில் அதுதான்.

அவருக்கு அதுவரை கொடுத்தது 1,55,000. மீதி 55,000 தரமாட்டோம் என்று எழுத்தில் கொடுத்தோம். போனில் சத்தம் போட்டார், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்தார், கடைசியில் ஒப்பந்தத்தையும் படங்களையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிறகு வேறு கொத்தனார் குழுவைப் பிடித்து முப்பத்தைந்து அடி நீளத்தைப் பிரித்தோம். மீதி இருபத்தைந்து அடியிலும் பின்பக்கக் களிமண்ணைத் தோண்டி எடுத்து உடைகல் நிரப்பி, சுவரைத் துளைத்து மூன்று அங்குலக் குழாய் வைத்தோம். மார்கழிப் பனியில் கலவை இறுகாமல் போகும் என்பதால் ராத்திரி ராத்திரி சாக்கு போட்டு மூடினோம், விடியற்காலையில் அந்தச் சாக்கு அப்பளம் மாதிரி விறைத்துக் கிடக்கும். இந்தச் செலவு 1,93,000. பழையதும் புதியதும் சேர்த்து 3,48,000, முதலில் பேசிய 2,10,000-ஐவிட 1,38,000 அதிகம். முதல் ஆளிடம் வேலை நடக்கும்போதே குழாய் எங்கே என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். பூண்டு அறுவடை சமயம், வாரத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்த்தோம். அது குழுவின் தவறு, ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொரு கேள்வி, "விளையாட்டுக்கு இவ்வளவு பணமா, ஒரு டியூஷன் சென்டர் கட்டியிருக்கலாமே, திருப்பணி என்று வேறு பெயர்". அதற்குக் கூட்டத்திலேயே நம் ஓய்வு பெற்ற ஆசிரியை அக்கா பதில் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னபடி மூன்று நாலு வயதுக் குழந்தை ஒரு நாளில் 180 நிமிடமாவது ஓடி ஆடி அசைய வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அம்மா கேரட் காட்டிலிருந்து வரும் வரை வரப்பு ஓரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். கூட்டம் அமைதியாகிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரியா மாண்டிசோரி அம்மையார் நம் கொடைக்கானலில்தான் தங்கியிருந்தார், குழந்தை கையால் செய்துதான் கற்கும் என்று உலகத்துக்குச் சொன்னவர் நடந்த மலை இது என்றும் சொன்னார். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐ.நா.வின் 1989 உடன்படிக்கையில் 31-வது பிரிவு இருக்கிறது, இந்தியாவும் 1992-ல் அதை ஏற்றுக்கொண்டது. திருப்பணி என்ற சொல்லைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. நம் மலையில் சாமியே குழந்தை வேலப்பர்தான்.

பிளாஸ்டிக் சறுக்கும் கலர் கலர் வீடும் ஏன் வாங்கவில்லை என்றும் கேட்டார்கள். விலை ஒரு காரணம். இன்னொன்று, அதில் ஏறி இறங்கினால் விளையாட்டு முடிந்துவிடும். நாங்கள் ஒரு மண்மேடு போட்டு அதன் சரிவிலேயே சறுக்கைப் பதித்திருக்கிறோம், பக்கவாட்டில் விழுந்தாலும் புல்லில்தான் விழும். ஊஞ்சல் நான்கு, சங்கிலி துத்தநாகம் பூசியது, மூடுபனியில் சாதாரண இரும்பு ஒரு வருஷம்கூட தாங்காது. ஊஞ்சலுக்குக் கீழே சிமென்ட் தளம் கேட்டவர்களுக்கு: முன்பு சிமென்ட் தரையில் விழுந்து மணிக்கட்டு உடைந்த பையன் நம் தெருவில்தான் இருக்கிறான். எம்-சாண்டும் இறுகிவிடும். அதனால் மர அறுவை மில்லிலிருந்து மரச்சீவல் வாங்கி ஓரடி கனத்துக்குப் பரப்பினோம், அமுங்கி ஒன்பது அங்குலத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாசலிலிருந்து நாலடி அகலப் பாதை, பன்னிரண்டடிக்கு ஓரடிதான் ஏற்றம். சக்கர நாற்காலியில் வரும் நம் பாப்பா இப்போது தானே தள்ளிக்கொண்டு மேடு வரை போகிறாள்.

மூலையில் குழாயும் மண் குழியும் வைத்ததற்கு, துணி அழுக்காகிறது என்று பலருக்குக் கோபம். ஒரு சாயங்காலம் வந்து பாருங்கள். போன வாரம் இரண்டு பையன்கள் அங்கே வாய்க்கால் வெட்டி, வரப்பு கட்டி, யார் காட்டுக்கு முதலில் தண்ணீர் என்று சண்டை போட்டு, சண்டையைத் தாங்களே முறை வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். பக்கத்திலேயே பூண்டு மண்டி. கூழாங்கல்தான் பூண்டு, இரண்டு கொட்டாங்கச்சியும் ஒரு குச்சியும் தராசு. அம்மாவைத் தவிர யாரிடமும் வாய் திறக்காத ஐந்து வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாளே, அவள் எழுந்து நின்று, "முந்நூறு, கட்டாது, முந்நூத்தம்பது!" என்று விலை கூவினாள். அவள் அம்மா வேலிக்கு வெளியே களைக்கொத்தோடு நின்றபடி அழுதுகொண்டிருந்தார்.

வேலியும் கேட்டும் 54,000. முள்கம்பி போடவில்லை. காட்டுமாடு வந்தால் எந்த வேலியும் நிறுத்தாது, அதனால் ஆறு மணிக்கு கேட் பூட்டப்படும். ஊஞ்சல், சறுக்கு, இரும்பு வேலை 92,000. மண்மேடு, பாதை, வடிகால் 46,500. மரச்சீவல் 38,000. திறப்பு நாள் சாப்பாடும் சில்லறைச் செலவும் 11,200.

வரவு 6,03,000. ஊரில் 210 தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு 1,000 ரூபாய் வரி, 194 வீடு கொடுத்துவிட்டது. திருவிழா மிச்சத்திலிருந்து 60,000, எலுமிச்சம்பழ ஏலத்தில் 21,500. மீதி 3,27,500 நன்கொடை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் சேர்ந்து 75,000. பூண்டு மண்டி அண்ணன் 50,000. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஐந்தும் தலா 10,000. ஹோம்ஸ்டே வைத்திருக்கும் மூன்று குடும்பம் 45,000. ஆசிரியை அக்கா தன் ஓய்வூதியத்திலிருந்து 25,000. ஜீப் டிரைவர் தம்பிகள் 18,000. காட்டு வேலைக்குப் போகும் அக்காமார் தினமும் உண்டியலில் போட்டுச் சேர்த்தது 6,500, அந்த உண்டியலை எண்ணிய அன்று குழுவில் யாருக்கும் பேச்சு வரவில்லை. ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று கொடுத்தவர்களின் தொகை 58,000. எல்லார் பெயரும் கோயில் மண்டபத்துப் பலகையில் தொகை வரிசையில் இல்லாமல் அகர வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு லட்சம் தருகிறேன், அப்பா பெயரில் நுழைவு வளைவு வையுங்கள் என்று வெளியூர் அன்பர் ஒருவர் கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அந்தப் பணம் இருந்திருந்தால் சுவர் பாரம் குறைந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் உண்டியல் அக்காமார் பெயர் பலகையிலும் அவர் பெயர் வளைவிலும் இருப்பதைக் குழு ஏற்கவில்லை.

கையிருப்பு 13,300. அது சித்திரையில் மரச்சீவல் நிரப்புவதற்கு மட்டும், வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று தீர்மானம். சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை திடலில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், முறை அட்டவணை அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறது, செவ்வாயும் வெள்ளியும் இன்னும் ஆள் இல்லை. வரி பாக்கி உள்ள 16 வீட்டுக்காரர்கள் பங்குனி உத்திரத்துக்குள் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள். பில், ஒப்பந்தம், சுவர் பிரித்தபோது எடுத்த படங்கள் எல்லாம் ஒரே ஃபைலில் பொருளாளர் வீட்டில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், கேட் சாவியும் அங்கேதான்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் குழு